ராத்திரி எதற்கு எழுந்திருக்கிறார்?

பெரியவரின் வலது மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த தடம். கட்டில் காலில் பழைய வேட்டிக் கிழிசல் முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. என் பார்வை போன இடத்தைக் கவனித்த மருமகள், "பகல்ல கட்டுறதில்ல சிஸ்டர், ராத்திரி மட்டும்தான். எழுந்து விழுந்துட்டார்னா யாரு பாக்குறது?" என்றார்.

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்க்கும் செவிலி நான். இது புதிய காட்சியும் அல்ல. சில வீடுகளில் வெளித்தாழ்ப்பாள். சில வீடுகளில் கைத்தடி பீரோ மேல் ஏறிவிடும். டாக்டரைக் கேட்காமலே தூக்க மாத்திரை ஒன்று கூடுவதையும் நான் கட்டிப்போடுவதில்தான் சேர்ப்பேன்.

மருந்து டப்பாவைப் பார்த்தேன். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையை இரவு 8 மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மறதி நோய்க்காரர், முட்டுகிறது என்று சொல்லத் தெரியாமல் எழுந்து நடக்கிறார். டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். படுக்கும் முன் பாத்ரூம், வழியில் ஒரு சின்ன விளக்கு. இப்போதும் சில இரவுகளில் எழுந்துவிடுகிறார். மகன் கூடப் போய் வருகிறார்.

கட்டினால் விழமாட்டார் என்று நம்புகிறோம். திமிறித் தோல் உரியும், புண் வரும். அசையாமல் கிடக்கும் கால் சில நாளிலேயே வலுவிழக்கும். அவிழ்த்துவிட்ட அன்றே விழுவார். கட்டில் தடுப்புக் கம்பியில் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்களும் உண்டு.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. மனநல நிலையங்களில் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதியோர் இல்லங்களில் நான் அதிகம் கேட்ட காரணமே அதுதான்.

இப்போதெல்லாம் புதிதாகப் போகும் வீட்டில் மூன்று நாள் நோட்டில் எழுதச் சொல்கிறேன்: எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தப் பக்கம் போனார், வலி உண்டா, மலம் போய் எத்தனை நாள். 'நாலு நாள்' என்று எழுதிய நோட்டுகளை நிறையவே பார்த்துவிட்டேன்.