கவர்னருக்கு மனு போடுமுன்

புதுச்சேரியில் முதியோர் பென்ஷன் நின்றாலும் சரி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கான சிவப்பு ரேஷன் கார்டு மஞ்சளாக மாறினாலும் சரி, பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்: "கவர்னர்கிட்ட மனு குடுங்க, உடனே நடக்கும்." அப்படியெல்லாம் நடக்காது.

கவர்னர் என்று நாம் சொல்லும் துணைநிலை ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனையில் நடக்க வேண்டியவர். ஒத்துவராவிட்டால் விவகாரம் டெல்லிக்குப் போகும். 2019இல் இலவச அரிசியா, வங்கியில் பணமா என்று அமைச்சரவையும் அன்றைய ஆளுநர் கிரண் பேடியும் முட்டிக்கொண்டபோது, மத்திய அரசு பணம்தான் என்றது. இதற்குமேல் சட்டம் உங்களுக்குத் தேவையில்லை.

உங்கள் மனுவுக்கு என்ன ஆகும்? முத்திரை குத்தி, "தக்க நடவடிக்கைக்காக" என்று எழுதி, எந்தத் துறைமேல் புகார் சொன்னீர்களோ அதற்கே அனுப்பிவிடுவார்கள். அதே மேசை, அதே கிளார்க். "மேல போய்ச் சொன்னீங்கல்ல, அங்கயே கேட்டுக்குங்க" என்று ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அதனால் முதல் மனு துறைக்குத்தான். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "அதெல்லாம் தரமாட்டோம்" என்றால் வாதாடாதீர்கள், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கவர்னர் மாளிகைக்குப் போகும் மனுவில் அந்த நகலை இணைத்து, "இதன்மேல் எடுத்த முடிவு என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நான்கு பக்கக் கண்ணீர்க் கதையை யாரும் படிப்பதில்லை.

முகவரியிலும் பலர் மாட்டுகிறார்கள். பின்கோடு 605 என்று தொடங்கினால் புதுச்சேரி ஆகிவிடாது. ஆரோவில் 605101தான், ஆனால் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். தமிழ்நாட்டு முகவரிக்காரருக்கு இந்த மாளிகையால் ஒன்றும் ஆகாது.

மேடையில் அமைச்சர் தொகையை உயர்த்திவிட்டார் என்று மறுநாளே அலுவலக வாசலில் நிற்காதீர்கள். கோப்பு நிதித்துறைக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் ஆளுநருக்கும். அரசாணை எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் பணமும் இல்லை.

பதிலே வராவிட்டால் அந்தத் துறைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. இரண்டாவது மேல்முறையீட்டைச் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. புதுச்சேரிக்கு அது டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். அதைப் போடக் கெடு 90 நாள்.