கடலில் மிதக்கும் மின்கலம்

தூண்டில் மீன்பிடிப்புக்காகச் சிறு படகு வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், பேச்சு இயந்திரத்தின் குதிரைத்திறனில் தொடங்கிப் பிடித்த மீனின் எடையில் போய் முடியும். அந்தப் படகு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொருளை இருவருமே மறந்திருப்பார்கள். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இயந்திரத்தின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஓரிரண்டு போல்ட்டுகளில் தொங்கும் சாம்பல்நிற உலோகக் கட்டிதான் அது. பெரும்பாலும் துத்தநாகம், சில சமயம் ஒருவகை அலுமினியக் கலவை. ஆனோடு என்று பெயர். கரைந்து அழிவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

அது ஏன் கரைய வேண்டும் என்று புரிந்தால், கடல்நீர்ப் படகில் நடக்கும் சேதங்களில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஒவ்வோர் உலோகத்துக்கும் தன் எலக்ட்ரான்களின் மீது ஒரு பிடிப்பு உண்டு. துத்தநாகத்துக்கு அது தளர்ந்த பிடி, செம்புக்கு இறுகிய பிடி. இரண்டையும் ஒரே நீரில் அமிழ்த்தி, ஒரு கம்பியாலோ போல்ட்டாலோ இணைத்துவிட்டால், எலக்ட்ரான்கள் துத்தநாகத்திலிருந்து செம்பை நோக்கி ஓடத் தொடங்கும். எலக்ட்ரானை இழந்த துத்தநாக அணுக்கள் அயனிகளாகி நீரில் கலக்கும். செம்பின் பரப்பில் காத்திருக்கும் கரைந்த ஆக்சிஜன், வந்து சேரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாக மாறும். இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா 1800ஆம் ஆண்டில் அறிவித்த மின்கலத்தில் இருந்ததும் இதேதான்: இரு உலோகங்கள், இடையில் உப்புநீர். அவர் அதை வேண்டுமென்றே செய்தார். படகு வைத்திருப்பவர் காசு கொடுத்து, தெரியாமல் வாங்கிவருகிறார்.

கடல்நீர் இதற்கு மிகத் தோதான இடம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதனால் சாதாரண ஆற்றுநீரைவிட அது நூறு மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்துகிறது. ஏரியில் பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடிய ஒரு படகு கடலுக்கு வந்த சில மாதங்களில் புண்பட்டுப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

எந்த உலோகம் முதலில் அழியும் என்பதை யூகிக்கத் தேவையில்லை. கடல்நீரில் அமிழ்த்தி, ஒப்பீட்டு அளவுகோலாக வைக்கும் வெள்ளி–வெள்ளிகுளோரைடு மின்வாயோடு ஒப்பிட்டு அளந்தே பட்டியல் போட்டிருக்கிறார்கள். துத்தநாகம் சுமார் −1.03 வோல்ட். படகுக்கான அலுமினியக் கலவைகள் −0.75 முதல் −0.9 வரை. சாதாரண எஃகு −0.6. செம்பும் வெண்கலமும் −0.3க்கு அருகில். நல்ல நிலையிலுள்ள துருப்பிடிக்காத எஃகு ஏறக்குறைய சுழியம். எல்லாவற்றுக்கும் மேலே கிராஃபைட், அதாவது கார்பன், +0.25 அளவில். எண் எவ்வளவு எதிர்ப்பக்கம் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்த உலோகம் விட்டுக்கொடுக்கும். அவுட்போர்டின் உடல் அலுமினியம். சுழலியின் தண்டும் போல்ட்டுகளும் துருப்பிடிக்காத எஃகு. இடையில் முக்கால் வோல்ட் வித்தியாசம். யாரும் குறுக்கிடாவிட்டால் உடல்தான் கரையும்.

ஆனோடு செய்வது அந்தக் குறுக்கீட்டைத்தான். அலுமினியத்தைவிட எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகத்தை அதனோடு இணைத்துவிட்டால், எஃகுக்குத் தேவையான எலக்ட்ரான்களை அதுவே கொடுத்துத் தீர்க்கும். ஆனோடால் அரிப்பு நின்றுவிடுவதில்லை, இடம் மாறுகிறது. நீருக்கு ஏதாவது ஓர் உலோகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் நமக்கு உரிமை உண்டு.

இதை முதலில் தெளிவாக யோசித்துச் செய்தவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. அதற்குப் பின்னணியாக ஒரு கப்பல் கதை இருக்கிறது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுக்களிடமிருந்து காக்க, பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்தியது. புழு வரவில்லை. ஆனால், பிற்பாடு தகடுகளைச் சோதித்தபோது அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல கூழாகிப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாகக் கிழியாமல் இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணி அப்படியே இருந்தது. காகிதம் இரு உலோகங்களையும் தொடவிடாமல் பிரித்திருக்கிறது. மின்கலம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இது நடந்துவிட்டதால், காரணத்தை விளக்க அப்போது யாராலும் முடியவில்லை.

1824இல் டேவி அதே கடற்படையின் வேறொரு புகாரை எடுத்துக்கொண்டார்: செம்புத் தகடே மெல்லக் கரைகிறது. தகட்டோடு சிறு துத்தநாக, இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. அறிவியல் நூறு சதவீதம் வென்றது, கப்பல்கள் தோற்றன. செம்பிலிருந்து கசியும் அயனிகள்தாம் பாசியையும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்களான கொட்டலசுகளையும் விரட்டிக்கொண்டிருந்தன என்பது அதன் பிறகே தெரியவந்தது. கரையாத செம்பின் மேல் அவை வசதியாகக் குடியேறின. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை டேவியின் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. எனக்கு இந்தத் தோல்வி டேவியின் பல வெற்றிகளைவிடப் பிடித்தமானது. இன்றைக்கும் படகின் அடியில் பூசும் பாசித்தடுப்புப் பூச்சுகளில் பெரும்பாலானவை செம்பு ஆக்சைடை மெல்ல மெல்லக் கசியவிட்டே வேலை செய்கின்றன. அந்தப் பூச்சை அலுமினியப் படகிலோ அவுட்போர்டின் காலிலோ பூசினால் என்ன ஆகும் என்பதை மேலே உள்ள பட்டியலே சொல்லிவிடும்.

வோல்ட் கணக்கோடு பரப்பளவுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேதிவினையின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மறுபக்கத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இடத்தில் எலக்ட்ரானை வாங்க முடிகிறது என்பதுதான். பெரிய எஃகுத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட்டு அடித்தால், தகடு முழுவதும் கேட்கும் எலக்ட்ரான்களை அந்தச் சிறு ரிவெட்டு ஒன்றே கொடுக்க வேண்டும். சீக்கிரம் காணாமல் போய்விடும். பெரிய அலுமினிய உடலில் சிறிய எஃகுத் திருகு என்றால் சுமை பரவிவிடும். ஆனாலும் திருகைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளைப் பொடி சேரும். அது அலுமினிய ஹைட்ராக்சைடு. கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் திருகை இறுக்கிவிடும். பத்தாண்டு கழித்து அதைக் கழற்ற முயல்பவர் திருகின் தலையோடுதான் திரும்புவார். மாட்டும்போதே இரு உலோகங்களுக்கும் நடுவே நீர் புகாத களிம்பைப் பூசுவது, அலார்ம் கப்பலின் பழுப்புக் காகிதம் செய்த அதே வேலையைச் செய்யும்.

கார்பன் தூண்டில் கோல் வைத்திருப்பவர்களும் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம். தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் பொருந்தும் இடத்தில் அலுமினிய வளையம் கார்பனை நேரடியாகத் தொட்டால், பட்டியலின் ஏறக்குறைய இரு கோடிகளையும் ஒன்றாகக் கட்டியதுபோல் ஆகும். விமானத்தின் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடக் கூடாது என்ற விதி தொழிற்கூடங்களில் இருப்பதும் பென்சிலின் கிராஃபைட்டுக்காகத்தான்.

ஆனோடு வாங்குவதிலும் நீரைப் பார்க்க வேண்டும். துத்தநாகம் கடலில் நன்றாக உழைக்கும். நன்னீரிலும் முகத்துவாரத்திலும் அதன் மேல் கெட்டியான படலம் படிந்து வேலையை நிறுத்திவிடும். சிறிதளவு இண்டியம் கலந்த அலுமினிய ஆனோடு கடலிலும் முகத்துவாரத்திலும் உழைக்கும். ஒரு கிலோவில் துத்தநாகத்தைப் போல மூன்று மடங்கு மின்னூட்டத்தையும் தரும். மெக்னீசியம் நன்னீருக்கு மட்டும். கடலில் அது −1.6 வோல்ட்டில் இருப்பதால் வேகமாகக் கரைந்து தீர்ந்துவிடும். எந்த வகையானாலும் பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளாகியும் புத்தம் புதிதாகப் பளபளக்கும் ஆனோடைப் பார்த்து மகிழ்கிறார்கள். கடலில் கிடந்தும் கரையாத ஆனோடு வேலை செய்யாத ஆனோடு. அடியில் பெயின்ட் இருக்கும், அல்லது போல்ட்டின் தொடர்பு அறுந்திருக்கும். அதற்குப் பதிலாக வேறு ஏதோ கரைந்துகொண்டிருக்கும். மாறாக, சில வாரங்களிலேயே தீர்ந்துவிட்டால் எங்கோ மின்கசிவு. படகின் அடியில் தேங்கிய நீரில் பம்பின் பழுதான கம்பி அமிழ்ந்திருந்தால், அரை வோல்ட்டுக்குப் பதில் பேட்டரியின் 12 வோல்ட் உலோகங்களைத் தள்ளும். பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய சேதம் சில நாள்களில் நடந்துவிடும். கரையோர மின்இணைப்பில் செருகி வைத்த படகுகள் பூமிக்கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடும் மின்தொடர்பு கொள்கின்றன. நாம் வாங்கிய ஆனோடு அடுத்தவரின் படகைக் காப்பாற்றப் போய்விடும். இதைத் தடுக்கச் சிறிய டையோடு பெட்டிகள் கிடைக்கின்றன.

ஆனோடுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது தன்னோடு ஒரே நீரில் அமிழ்ந்திருக்கும் உலோகத்தை மட்டுமே காக்கும். இயந்திரத்தை மேலே தூக்கிவிட்டால், படகை டிரெய்லரில் ஏற்றிவிட்டால், அதன் பணி முடிந்தது. டிரெய்லரில் வாழும் படகு தன் ஆயுளில் மிகப் பெரும் பகுதியைத் தரையில்தான் கழிக்கிறது. அங்கே அதை அரிப்பது உலோகத்தின் மேல் உலராமல் ஒட்டியிருக்கும் மெல்லிய உப்புப் படலம்.

உலர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியமும் சேர்ந்திருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். அவ்வளவு ஈரம் பெரும்பாலான இடங்களின் காற்றில் ஏறக்குறைய எப்போதும் உண்டு. ஆகவே, கழுவாத படகு கொட்டகைக்குள் நின்றாலும் இரவும் பகலும் நுண்ணிய அளவில் நனைந்தபடியே இருக்கிறது. நீரில் கட்டிவைக்கும் படகுக்கு ஆனோடு, தரையில் நிற்கும் படகுக்கு நன்னீர் என்று இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து.

நன்னீர் என்றதும் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஒரு லிட்டர் நீர் 350 கிராமுக்கு மேல் உப்பைக் கரைக்க வல்லது. அதற்கு வேகம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். வேகமான தாரை ரீலின் மூடியைத் தாண்டி உப்பைத் தாங்கிகளுக்குள் தள்ளிவிடும். ரீலின் பிரேக்கை இறுக்கிவிட்டு மெல்லத் தூவினால் போதும். இயந்திரத்தின் உள்ளே ஓடும் குளிர்நீர்க் குழாய்களுக்கும் இதே கவனம் தேவை. கடலிலிருந்து வந்து நிறுத்தியதும் இயந்திரத்தின் மிச்ச வெப்பத்தில் உள்ளே தங்கிய நீர் வற்றி உப்புக் கட்டியாகும். உடனே நன்னீர் ஓட்டினால் அது கரைந்து வெளியேறும். வெப்பமான சுவரில் படியும் கால்சியம் கார்பனேட் மட்டும் தண்ணீருக்கு மசியாது. அதற்கு மிதமான அமிலம் வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது உடைந்தால் தானே வளர்ந்துகொள்ளும், ஆக்சிஜன் கிடைக்கும் வரை. தளத்தைத் துளைத்துச் செல்லும் போல்ட்டின் நடுப்பகுதி ஈரமான பலகைக்குள் மூச்சின்றி இருக்கிறது. அங்கே படலம் போய்விட்டால், அதே எஃகு சுழியத்திலிருந்து −0.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அரிப்புப் பட்டியல்களில் இந்த ஓர் உலோகம் இரண்டு இடங்களில் அச்சாகியிருப்பதன் ரகசியம் இதுதான். வெளியே தலை மின்னும். உள்ளே தண்டு பாதி மெலிந்திருக்கும். மாலிப்டினம் சேர்த்த 316 வகை இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

மின்சாரம் இல்லாத சேதங்களும் உண்டு. அவற்றில் நன்னீர்தான் குற்றவாளி. ஃபைபர் உடலின் மேற்பூச்சு வழியே நீர் மெல்ல ஊடுருவி, உள்ளே இருக்கும் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து சவ்வூடு அழுத்தத்தால் கொப்புளம் எழுப்பும். கரைசல்களின் செறிவு வேறுபாடு கூடுதலாக இருப்பதால் ஏரியில்தான் இது கடலைவிட மோசம். பின்பலகைக்குள் இருக்கும் ப்ளைவுட்டை மக்கவைப்பதும், அடைக்காத திருகுத் துளை வழியே இறங்கும் மழைநீர்தான்.

பழைய படகு வாங்கப் போகிறவர் இயந்திரத்தை முடுக்கிக் காதால் கேட்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை இவை. தளத்துப் போல்ட்டுகளின் கீழே பழுப்புக் கண்ணீர்க் கோடுகள். அவுட்போர்டு பெயின்ட்டின் கொப்புளங்கள். நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள குழாய் வாயில்களைக் கத்திமுனையால் மெல்லச் சுரண்டிப் பார்க்கலாம்: மஞ்சளாக மின்னினால் நல்லது, இளஞ்சிவப்பாக இருந்தால் அது பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் மிஞ்சிய பஞ்சு போன்ற செம்பு, ஓர் உதைக்கு உடையும். கடைசியாகக் குனிந்து ஆனோடைப் பார்க்க வேண்டும். கரடுமுரடாகப் பாதி கரைந்திருந்தால் விலை பேசலாம்.