வினையூக்கிச் சவ்வு

'கேட்டலிட்டிக் மெம்பிரேன்' என்பதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. வேதிவினையைத் தூண்டுவது, கலவையிலிருந்து ஒரு பொருளைப் பிரிப்பது என்ற இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் மெல்லிய தடுப்புக்கு இது பெயர். 'வினையூக்கிச் சவ்வு' என்றால் போதும்.

ஆங்கிலப் பெயரின் முன்பாதியை 1835இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் உருவாக்கினார். கிரேக்கத்தில் அதன் வேர் 'அவிழ்த்தல், கரைத்தல்' என்று பொருள்படும். தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளுக்கு நம் 'வினையூக்கி' இன்னும் நேரான பெயர். இலங்கைப் பாடநூல்களில் சுருக்கமாக 'ஊக்கி'. பின்பாதி லத்தீன்: உடல் உறுப்பை மூடிய தோல். இதற்குச் சிலர் 'மென்படலம்' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படலம் எதன்மேலாவது படிந்து கிடந்தாலே போதும். சவ்வுக்கு இரண்டு பக்கம் வேண்டும், நடுவில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற வேலையும் வேண்டும். 'சவ்வூடு பரவல்' படித்த யாருக்கும் இது புரியும்.

நல்ல எடுத்துக்காட்டு பல்லேடியம் என்ற உலோகம். அது ஹைட்ரஜனைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்வதை 1866இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் காட்டினார். ஹைட்ரஜன் மூலக்கூறு அதன் பரப்பில் பட்டதும் இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அணுக்கள் உலோகத்துக்குள் கரைந்து மறுபக்கம் வந்து மீண்டும் சேர்கின்றன. மற்ற வாயுக்களுக்கு வழியில்லை. நுண்துளைகள் கொண்ட பீங்கான் அல்லது எஃகுக் குழாயின்மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு இதைப் படியவைக்கிறார்கள். படிந்தது சரியா என்று பார்க்க ஹீலியத்தை அழுத்திப் பார்ப்பார்கள். அது மறுபக்கம் கசிந்தால் எங்கோ ஊசித்துளை இருக்கிறது. தனிப் பல்லேடியம் குறைந்த வெப்பநிலையில் ஹைட்ரஜன் பட்டு நொறுங்கும் என்பதால் கால் பங்கு அளவுக்கு வெள்ளி கலப்பதுண்டு.

மீத்தேனையும் நீராவியையும் வினைபுரியவைத்து ஹைட்ரஜன் எடுக்க, வழக்கமான ஆலையில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டும். உண்டாகும் ஹைட்ரஜனைச் சவ்வு வழியே உடனுக்குடன் வெளியேற்றிவிட்டால், இரு திசையிலும் நடக்கும் இந்த வினையின் சமநிலை விளைபொருள் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது 500 டிகிரியை ஒட்டியே வேலை நடக்கும், தூய ஹைட்ரஜனும் தனியே கிடைத்துவிடும்.

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில் கதை வேறு. அங்கே நேஃபியான் போன்ற பாலிமர்ச் சவ்வு புரோட்டானைக் கடத்துவதோடு சரி; வினையைத் தூண்டுவது இரு பக்கமும் பூசிய பிளாட்டினம். இதையும் அதே பெயரால் சொல்லலாமா? தமிழில் தாராளமாகச் சொல்லலாம். 'வினையூக்கியாகிய சவ்வு' என்று இருபெயரொட்டாக விரித்தால் பல்லேடியம். 'வினையூக்கியை உடைய சவ்வு' என்று, 'தண்ணீர்க் குடம்' போல உருபும் பயனும் தொக்கதாக விரித்தால் மின்கலச் சவ்வு. இரண்டிலும் 'ச்' மிகும், விட்டுவிட வேண்டாம்.

வினையூக்கி மணிகளைக் குழாயில் நிரப்பி, சவ்வை வெறும் சுவராக மட்டும் வைத்திருந்தால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. அந்த அமைப்பைச் 'சவ்வு உலை' என்றால் சரி.