சிக்குன்குனியா: கோழியும் இல்லை, குனிதலும் இல்லை

திருகோணமலைப் பக்கம் "சிக்கன் குனியா வந்த வருசம்" என்று பெரியவர்கள் கதைத்தால் அது 2006 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைக் குறிக்கும். மட்டக்களப்பு, கல்முனை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு என்று அந்த நோய் பரவிய இடங்களின் வரிசையில் திருகோணமலையும் இருந்தது. மூதூர், சம்பூர் மக்கள் போரால் இடம்பெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். கை மடக்க ஏலாது, கால் ஊன்ற ஏலாது என்ற பாடு மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. வலை இழுக்கிற கைக்குக் கயிறு பிடிபடாது. தேங்காய் திருவ உட்கார்ந்தவரைத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும்.

அந்தக் காய்ச்சலோடு ஒரு பேச்சும் சேர்ந்தே பரவியது: பெயரிலேயே "சிக்கன்" இருக்கிறதே, அப்படியென்றால் கோழியால்தானே வருகிறது? கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் இதையே நம்பியவர்கள் உண்டு. கோழிக்கறியை விலக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்த வீட்டில், நோயைக் கொண்டுவரும் நுளம்பு பெருகத் தண்ணிப் பரல் மூடியில்லாமல் கிடக்கும். ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டதால் நோய் வரும் வழியே கண்ணுக்கு மறைந்துபோகிறது. அதனால்தான் இந்தச் சொல்லை வேரோடு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சொல் மகொண்டே மொழிக்கு உரியது. மகொண்டே மக்கள் தான்சானியாவின் தெற்கிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும் வாழ்கிறார்கள். மரச் சிற்பத்தில் பேர்போனவர்கள். 1952 இல், அன்று தங்கனீக்கா எனப்பட்ட நாட்டின் தென் மாகாணத்தில், அவர்களுடைய மேட்டுநில ஊர்களில் ஒரு காய்ச்சல் ஊர் ஊராகப் படுத்தியது. மரியன் ராபின்சனும் டபிள்யூ. எச். ஆர். லம்ஸ்டனும் அதை ஆராய்ந்து 1955 இல் எழுதினார்கள். புதுப் பெயர் ஒன்றை அவர்கள் ஆக்கவில்லை. நோயில் கிடந்த மக்கள் வழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டார்கள். "உடலை வளைத்துவிடுவது" என்பது அதன் பொருள். குங்குன்யாலா என்ற வினை இதற்கு வேர். வற்றிச் சுருங்குதல், கோணிப்போதல் என்று பொருள்படும். முன்னால் நிற்கும் "சி" ஒரு முன்னொட்டு. தங்கள் மொழியை அவர்கள் சிமகொண்டே என்று சொல்லும்போது வருகிற "சி"யும் அதுதான். ஆகவே சொல்லைப் பிரித்தால் சி + குங்குன்யா என்று வரும். சிக்கன் + குனியா என்று வராது. சுவாகிலிச் சொல் என்று சிலர் எழுதுவதும் பிழை.

தமிழ்க் காதுக்கு இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. "குனி" நமக்குத் தெரிந்த வினை. ஆளைக் குனிய வைப்பதால் "குனியா" என்று யாராவது விளக்கம் சொன்னால், மகொண்டேப் பொருளும் அதற்குப் பக்கத்தில் இருப்பதால், நம்பிவிடத் தோன்றும். இது வெறும் தற்செயல் ஒற்றுமை. தமிழ் இலக்கணத்தை வைத்துப் பார்த்தாலும் குனியா என்பது குனியாத என்றே பொருள் தரும். ஓடாக் குதிரை, வாடா மலர் போல. நோய் செய்வதற்கு நேர்மாறான பொருள் அது.

எழுத்துக்கூட்டலில் நான் கறாராகவே இருப்பேன்: சிக்குன்குனியா. "க்க" போடாமல் "க்கு" போட்டால் போதும், கோழி தானாக விலகிவிடும். சிக்குன்குன்யா என்று எழுதினால் மூல ஒலிக்கு இன்னும் கிட்ட வரும். பத்திரிகைகளில் முதல் வடிவமே கூடுதலாக வழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சொல்லுக்கு எழுபது வயது என்றால் நோய்க்கு அதைவிட எவ்வளவோ கூட. 1964 இல் வேலூரில் சிக்குன்குனியா பரவியபோது அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டொனால்ட் கேரி. பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிய அவர் 1971 இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்: முன்னாட்களில் டெங்கு என்று எழுதிவைத்தவற்றுள் பல உண்மையில் இந்த நோய்தானோ? 1779 இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டேவிட் பைலன் என்ற ஒல்லாந்த மருத்துவர் மூட்டுகளைப் பிடிக்கும் காய்ச்சல் ஒன்றை விவரித்திருந்தார். 1823 இல் சான்சிபாரில் "கிடிங்கா பெப்போ" என்று ஒரு காய்ச்சல் வந்துபோனது. கரீபியத் தீவுகளில் 1827, 1828 இல் வந்த காய்ச்சலிலும் மூட்டுநோவே முன்னுக்கு நின்றது. டெங்கு என்ற பெயரே அந்தக் கிடிங்காவிலிருந்து வந்தது என்போர் உண்டு. கேரி சொன்னது சரியென்றால் ஒரு நோயின் பெயரை இன்னொரு நோய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

இந்தக் குழப்பம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. இரண்டையும் பரப்புவது ஈடிஸ் என்ற ஒரே வகை நுளம்பு. தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரியான காய்ச்சல், உடம்பு நோ, தோலில் தடிப்பு. ஆனால் டெங்குவில் இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். 2017 மார்ச்சில் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு திருகோணமலை மாவட்டத்துக்குத் தெரியும். அந்த ஆண்டில் நாடு முழுவதும் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாகியது. மூட்டுநோவு என்றவுடன் இது சிக்குன்குனியாதான் என்று தாங்களே முடிவுகட்டி, டைக்ளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் என்று வாங்கிப் போடுவது ஆபத்து. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பனடோல்தான், அதுவும் சொன்ன அளவுக்கு மட்டும். முதல் வாரத்துக்குள் பி.சி.ஆர். பரிசோதனையில் வைரசையே பிடிக்கலாம். பிறகு என்றால் இரத்தத்தில் உருவான பிறபொருளெதிரியைத் தேடுவார்கள்.

இனி இப்படிப்பட்ட நோய்களுக்கு "எமேர்ஜிங்" என்று ஆங்கிலத்தில் சொல்கிற அடைமொழிக்கு வருவோம். புதிதாகத் தோன்றும் நோய்க்கும், அடங்கிக் கிடந்து திரும்பக் கிளம்பும் நோய்க்கும் அந்த ஒரே சொல்லைச் சற்று மாற்றி மாற்றி வழங்குகிறார்கள். தமிழில் "வளர்ந்துவரும் நோய்கள்" என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன். வளர்ந்துவரும் நகரம், வளர்ந்துவரும் கலைஞர் என்று நல்லதற்குச் சொல்கிற சொல் அது, நோய்க்குப் பொருந்தாது. முதல்வகையைப் புதிதாய்க் கிளம்பும் தொற்று என்றும் இரண்டாம்வகையை மீளக் கிளம்பும் தொற்று என்றும் சொன்னால் எவருக்கும் விளங்கும். சிக்குன்குனியா இரண்டாம்வகை. 1960களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிப் பிறகு பல பத்தாண்டுகள் பேச்சே இல்லாமல் கிடந்தது. 2004 இல் கென்யாவின் லாமு தீவில் கிளம்பி, கொமொரோஸ் தீவுகள் வழியாக ரியூனியனுக்குப் போய், அங்கே 2006 முடிவதற்குள் தீவின் மூன்றில் ஒரு பங்கு மக்களைப் பிடித்தது. அடுத்தது இந்தியா, பிறகு நாங்கள்.

ரியூனியனில் அது அவ்வளவு வேகமாக ஓடியதற்கான காரணத்தைக் கண்டுபிடித்த கதை இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீட்டுக்குள் வாழும் ஈடிஸ் ஈஜிப்டைதான் இந்த வைரசின் வழக்கமான காவி. ரியூனியனில் கூடுதலாக இருந்ததோ தோட்டத்து நுளம்பான ஈடிஸ் அல்போபிக்டஸ். வைரசின் மேலுறைப் புரதம் ஒன்றில், 226 ஆம் இடத்தில், அலனைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வலைன் வந்துவிட்டிருந்தது. அந்த ஒரே மாற்றத்தால் தோட்டத்து நுளம்பின் உடலில் வைரசு பன்மடங்கு எளிதாகத் தொற்றியது என்பதை 2007 இல் ஆய்வுகூடத்தில் நிறுவிக் காட்டினார்கள். அதே 2007 இல் இந்தியாவிலிருந்து போன ஒரு பயணி மூலம் இத்தாலியின் சிற்றூர் ஒன்றில் நோய் பரவியது. அங்கேயும் காவி அதே தோட்டத்து நுளம்புதான்.

காவி என்றேன். எங்கள் பாடப்புத்தகச் சொல் இது: நோயைக் காவுவது நோய்க்காவி. தண்ணி காவுகிறோம், சாமி காவுகிறோம் என்று தினமும் புழங்குகிற வினையிலிருந்து பிறந்ததால் பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கும் புரியும். ஆங்கிலத்தில் இதற்கும் "வெக்டர்" என்பதால் "திசையன்" என்ற கணிதச் சொல்லை இங்கே கொண்டுவந்து போட்ட மொழிபெயர்ப்பைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. நுளம்பின் புழுப்பருவத்துக்குக் குடம்பி, அடுத்ததற்குக் கூட்டுப்புழு. இந்த மூன்று சொல்லும் ஊருக்குள் புழங்க வேண்டும்.

ஏனென்றால் பார்க்கத் தெரிந்தால்தான் அழிக்க முடியும். மாரி முடிந்தபின் முற்றத்துப் பரலில் எட்டிப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கி, வாலிலுள்ள குழாயை நீர்மட்டத்தில் முட்டவைத்து மூச்சுவிடுகிறதே, அதுதான் குடம்பி. நிழல் விழுந்தவுடன் நெளிந்து அடிக்கு ஓடிவிடும். அதைவிட முக்கியமானது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பரலின் உட்சுவரில், கரிப்பொடி தூவியதுபோல ஒட்டியிருக்கும் முட்டைகள். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. சுவரைத் தும்பு போட்டு உரஞ்சித் தேய்க்க வேண்டும்.

"ஈடிஸ் நல்ல தண்ணியில்தான் முட்டையிடும்" என்ற பேச்சும் முழுக்கச் சரியில்லை. ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ். என். சுரேந்திரன், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எம். வினோபாபா முதலியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் கரையோரத்துக்கே உரியது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பகுதிகளில், கைவிட்ட படகுகளிலும் பாவிக்காத கிணறுகளிலும் எறிந்த பிளாஸ்டிக் கோப்பைகளிலும் தேங்கிய சவர்நீரில் இந்த இரண்டு இன நுளம்பின் குடம்பிகளையும் கண்டார்கள். உப்புவெளி, நிலாவெளி, மூதூர் கரைகளில் கவிழ்க்காமல் இழுத்து விட்டிருக்கும் தோணிகளை இதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசியும் வந்திருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்கா முதலாவதுக்கு அனுமதி கொடுத்தது. வலுக்குறைத்த உயிருள்ள வைரசு அது. முதியவர்களிடம் கடும் பக்கவிளைவுகள் காணப்பட்டதையடுத்து 2025 ஆகஸ்டில் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. வைரசின் வெற்றுறை போன்ற துகளால் ஆன இன்னொன்று 2025 பெப்ரவரியில் அனுமதி பெற்றது. வேறொரு வழி, வொல்பாக்கியா என்ற பற்றீரியாவை நுளம்புக்குள்ளேயே குடியேற்றி வைரசு பெருகவிடாமல் தடுப்பது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் டெங்கு இதனால் 77 வீதம் குறைந்தது. 2020 இல் கொழும்பு மாவட்டத்திலும் அப்படிப்பட்ட நுளம்புகளை விட்டுப் பார்த்தார்கள்.

சரி, நோய்க்குத் தமிழ்ப் பெயர்? மூட்டுநோவுக் காய்ச்சல் என்றால் வேறு பல காய்ச்சலும் அதற்குள் வந்துவிடும். மகொண்டேப் பொருளுக்கு நெருக்கமானது முடக்குக் காய்ச்சல். கை முடங்கிப் போச்சு, கால் முடக்கிப் போட்டுது என்று நோயாளி சொல்வதும் அதையே. ஆனால் மருந்துச் சீட்டிலும் ஆய்வுகூட அறிக்கையிலும் சிக்குன்குனியா என்றே இருக்கட்டும். வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் ஒரே பெயர் ஓட வேண்டும். சுவரொட்டியில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், கோயில் அறிவித்தலில் இரண்டையும் சேர்த்து, வரும் வழியையும் சொல்லிவிடலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "சிக்குன்குனியா என்ற முடக்குக் காய்ச்சல் பகலில் கடிக்கும் நுளம்பால் வருகிறது. கோழியால் வராது. பரலை மூடுங்கள், உட்சுவரை உரஞ்சிக் கழுவுங்கள், தோணியைக் கவிழ்த்து வையுங்கள்."