நாற்றங்காலிலேயே அறுவடைத் தேதியைக் கணக்குப் போடுங்கள்

காவிரி டெல்டாவில் நீண்ட கால நெல் பருவமான சம்பா தொடங்கும் நேரத்தில் விவசாயிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரகம் போடலாம் சார்?" என்றுதான். நான் பதிலுக்கு, "என்னைக்கு விதைக்கப் போறீங்க?" என்பேன். சிலருக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். பக்கத்து வயல்காரர் போட்ட ரகத்தையே போடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, மரியாதைக்காகத்தான் என்னிடம் கேட்டிருப்பார்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வயல்களுக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. ஒன்று மேட்டூர் அணையுடையது: வழக்கமாக ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். மற்றது வடகிழக்குப் பருவமழையுடையது: அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை. நம் ஆட்கள் முதல் நாட்காட்டியை மட்டும் பார்த்து விதைக்கிறார்கள். நெல்லைக் காயவைக்கும்போதுதான் இரண்டாவது ஞாபகத்துக்கு வருகிறது.

சம்பாவுக்கு முந்தைய குறுகிய கால நெல் பருவமான குறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். 110 நாள் ரகத்தை ஜூன் 15-இல் விதைத்தால் அக்டோபர் 3-இல் அறுவடை. இருபது நாள் தள்ளி ஜூலை 5-இல் விதைத்தால் அக்டோபர் 23. அதாவது பருவமழை வந்து இறங்குகிற வாரம். தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் (2024-இல் ஜூலை 28-இல்தான் மேட்டூர் திறந்தது) ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவர்கள் குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

சம்பாவிலும் இதே கணக்குதான். 155 நாள் ரகத்தை ஆகஸ்ட் 20-இல் விட்டால் ஜனவரி 22-இல் அறுக்கலாம். அதே ரகத்தைச் செப்டம்பர் 25-இல் விட்டால் பிப்ரவரி 27 ஆகிவிடும். அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு பூக்கும் என்று வையுங்கள். பூக்கிற நாள் ஜனவரி 28! அணையை மூடும் அன்றுதான் உங்கள் பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும். அந்தத் தேதிக்கு 135 நாள் ரகம் போட்டிருந்தால் பிப்ரவரி 7-இல் கதிர் களத்துக்கு வந்திருக்கும்.

பூக்கும் சமயத்து மழையைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. நெல் பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல், மதியத்துக்குள் விரிந்து மூடிவிடும். அந்த நேரத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து மழை அடித்தால் மகரந்தம் வீணாகி, கதிர் நிமிர்ந்தே நிற்கும். உருவிப் பார்த்தால் பதர். கதிரில் மஞ்சள் பந்துபோல வரும் நெற்பழம் என்ற பூஞ்சை நோயும் இந்த ஈரப்பதத்தில் வருவதுதான். அதை லட்சுமி நோய் என்று சொல்லி, விளைச்சல் கூடும் அறிகுறி என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

வெள்ளம் தாங்கும் ரகம் பற்றியும் ஒரு வார்த்தை. சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 இரண்டும் நல்ல ரகங்கள். மூழ்கியதும் மற்ற ரகங்கள் தண்ணீருக்கு மேல் தலைகாட்ட வேகமாக உயர்ந்து, சேமித்த சத்தையெல்லாம் செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப் 1 மரபணு இந்த ஓட்டத்தைக் கட்டிப்போடும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். ஆனால் இதெல்லாம் பயிர் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர்கட்டும் பருவம் வரைக்கும்தான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு இளம்பயிரில் உதவும். முற்றிய கதிர் தண்ணீரில் கிடந்தால் எந்த ரகத்துக்கும் உத்தரவாதம் கிடையாது.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அதுதான் நடந்தது. அறுக்கத் தயாராக இருந்த சம்பா பருவம் தப்பிய மழையில் படுத்துவிட்டது. சாய்ந்த கதிரைத் தூக்கிப் பார்த்தால் நெல்மணியின் நுனியில் வெள்ளையாக முளை. தப்பித்த நெல்லையும் அப்படியே விற்க முடியாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஆண்டு மத்திய அரசு 20 வரை தளர்த்தியது. தளர்வு வரும் வரை ஈர நெல்லைக் குவித்து மூடி வைத்தவர்களுக்கு உள்ளே சூடேறி அரிசி பழுத்துப்போனது. தார்ப்பாய் போட்டு மூடினால் மட்டும் போதாது, மழை விட்டதும் கிளறிக் காற்றாட விட வேண்டும்.

உளுந்தும் போனது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்கும் விதை அது. மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்துவிடும். ஆனால் நீர் தேங்கினால் இளஞ்செடி அழுகும். நெற்பயிர் சாய்வதைக் குறைக்க நம் கையில் இருப்பது யூரியாவை அளவோடு போடுவதுதான். பயிர் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டு இன்னொரு மூட்டை போடாதீர்கள், தண்டு பலவீனமாகிவிடும். வடிகால் வாய்க்காலை ஐப்பசிக்கு முன்பே வெட்டிவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு வெட்ட ஆள் கிடைக்காது.

அப்புறம் காப்பீடு. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் விவசாயி பங்கு 1.5 சதவீதம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பு வரும் என்று காத்திருக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்கிக்கொண்டு தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பே பொதுச் சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ரசீதில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.