தானாகவே கூடும் இரும்பு-கந்தகக் கனசதுரம்

சாக்கடைச் சேறு ஏன் அவ்வளவு கறுப்பு? காற்றுப் புகாத அந்த ஆழத்தில் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகப் படிகிறது. ஆய்வகத்தில் ஃபெரஸ் (+2 இரும்பு) உப்புக் கரைசலில் சோடியம் சல்பைடை ஊற்றினாலும் இதே கதைதான். அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய், கடைசியில் நீரில் கரையாத கறுப்பு வண்டலாக அடியில் தங்கிவிடும்.

அப்படியானால் நான்கு இரும்பு, நான்கு கந்தகம் என்ற அளவிலேயே அதை நிறுத்துவது எப்படி? 1972-இல் வேதியியலாளர் ரிச்சர்ட் ஹோமின் குழு அதைச் செய்து காட்டியது. ஃபெரிக் (+3 இரும்பு) குளோரைடு, சோடியம் ஹைட்ரோசல்பைடு, சோடியம் மெத்தாக்சைடு, கூடவே ஒரு தயோல், அதாவது கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி உள்ள கரிமச் சேர்மம். எல்லாம் மெத்தனாலில், நைட்ரஜன் வாயுவின் பாதுகாப்பில். காற்று பட்டால் காரியம் கெட்டுவிடும். தயோல்களின் நாற்றம் வேறு. ஒரு சொட்டு சிந்தினாலும் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இங்கே தயோலுக்கு இரட்டை வேலை. இரும்புக்கு எலக்ட்ரான் கொடுத்து, தான் டைசல்பைடாக மாறுவது ஒன்று. ஒவ்வொரு இரும்பின் வெளிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு, அடுத்த சல்பைடு வந்து சேராமல் வழியை அடைப்பது இன்னொன்று. வளர்ச்சி அங்கேயே நின்றுவிடுகிறது. பெரிய நேர்மறை அயனி ஒன்றைச் சேர்த்தால் கருநிறப் படிகங்கள் கிடைக்கும். ஒவ்வோர் அணுவாக யாரும் அடுக்கவில்லை. அந்தச் சூழலில் நிலையான வடிவம் அதுதான் என்பதால் தானாகவே கூடுகிறது. கரைப்பானுக்கும் இதில் பங்குண்டு. தனிக் கந்தகத்தை வைத்துச் செய்யும் இன்னொரு முறையில், அசிட்டோநைட்ரைலில் இரண்டு இரும்பு, இரண்டு கந்தகத்தோடு வினை நின்றுவிடும். மெத்தனாலில் அதுவே இரட்டித்து நான்காகிறது.

எக்ஸ்-கதிர் படிகவியல் காட்டிய அமைப்பு ஒரு கனசதுரம். மூலைக்கு மூலை இரும்பும் கந்தகமும் மாறி மாறி. ஆனால் சற்று நசுங்கியது. இரும்புக்கும் இரும்புக்கும் இடையே சுமார் 2.75 ஆங்ஸ்ட்ராம்தான். மின்னூட்டக் கணக்குப் போட்டால் இரண்டு இரும்பு +3, இரண்டு +2 என்று வரும். சரி, எந்த இரண்டு? இரும்பு அணுக்களின் மின்னூட்ட நிலையைக் காட்டும் மாஸ்பாவர் நிறமாலையில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. மின்னூட்டம் நான்குக்கும் பகிர்ந்து கிடக்கிறது. அதனால் ஓர் எலக்ட்ரான் வந்தாலும் போனாலும் வடிவம் அதிகம் அசைவதில்லை. எலக்ட்ரான் கடத்த இதைவிடத் தோதான அமைப்பைக் காண்பது கடினம்.

எலக்ட்ரான் கடத்தும் ஃபெரிடாக்சின் என்ற புரதத்தின் பல பாக்டீரிய வகைகளுக்குள் இருப்பதும் இதே கனசதுரம்தான். அங்கே தயோலின் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிற்கிறது.

ஆனால் எல்லா இரும்பு-கந்தகக் கொத்தும் இப்படிக் கைக்கு வருவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் மையத்தில் ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம், நட்டநடுவில் ஒரே ஒரு கார்பன். அது கார்பன்தான் என்று உறுதியானது 2011-இல். குடுவையில் உப்புகளைக் கலந்து இதை முழுமையாகச் செய்ய இன்னும் வழி பிறக்கவில்லை. சிக்கல் பெரும்பாலும் அந்தக் கார்பனில்தான். பாக்டீரியாவில் அதை உள்ளே செருகுவது நிஃப்பி என்ற நொதி. எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற மூலக்கூறின் மெத்தில் தொகுதியிலிருந்து கார்பனை எடுக்கிறது. அந்த மூலக்கூறை உடைக்க நிஃப்பி பயன்படுத்தும் கருவியோ, நான்கு இரும்பு, நான்கு கந்தகக் கனசதுரம்.