ஊசி குதிக்கும் மேடை, பென்டிரைவ் திறக்காத பிளேயர்

டிஜே நிகழ்ச்சிக்கு இசைத்தட்டா, டிஜிட்டல் பிளேயரா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒலித் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நிகழ்ச்சி நடுவில் பாட்டு நின்றுபோவதற்கும் ஒலித் தரத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் காலை வாரும் இடம் வேறு வேறு. கருவியை முடிவு செய்யும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்களில் பேர்போன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வந்தது 1972இல். 1979இல் வந்த எம்கே2 மாடலில், வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரும் வேகத்தை நிலையாக வைக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாடும் சேர்ந்தன. பெல்ட் கிடையாது, மோட்டாரே சுழல்மேடையை நேரடியாகச் சுழற்றுகிறது. அதனால் ஸ்லிப்மேட் (தட்டுக்கு அடியில் போடும் வழுக்கும் விரிப்பு) மேல் பிடித்திருந்த தட்டை விட்டதும் உடனே வேகம் பிடிக்கும். வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம்.

பீட் சேர்ப்பது, அதாவது இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒன்றாக ஓடவிடுவது, தட்டில் முழுக்கக் காது வேலை. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட் அரை விநாடி. இரண்டு தட்டுகளுக்கும் 0.1 சதவீத வேக வித்தியாசம் இருந்தால்கூட ஒரு நிமிடத்தில் 60 மில்லிவிநாடி விலகும். கிக் டிரம் இரட்டையாகக் கேட்கும். காதில் கேட்டுக் கேட்டு ஸ்லைடரை மயிரிழை நகர்த்தத்தான் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

அரங்கில் பெரிய தொல்லை பாஸ்தான். பாஸ் ஒலியைத் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறும். ஊசி அதையும் எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றிப் பெருகி 'ஊம்' என்று முழங்கும். கூட்டம் வருவதற்கு முன்பே சோதித்துவிடலாம். மோட்டாரை நிறுத்தி, ஊசியைத் தட்டின் மேல் வைத்து, மிக்ஸரில் ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை மெதுவாக ஏற்றி, மேசையை விரலால் தட்டுங்கள். 'திம்' என்ற ஒலி உடனே அடங்கினால் நல்லது. நீண்டுகொண்டே போனால் மேசையை சப்வூஃபரிலிருந்து தள்ளிப் போடுங்கள். டர்ன்டேபிளுக்கு அடியில் கனமான கான்கிரீட் பலகையும் அதற்கும் கீழே ரப்பரும் வையுங்கள். ஊசி குதிக்கிறதே என்று ஊசிக்கு மேல் பாரமாக நாணயத்தை ஒட்டாதீர்கள், தட்டின் பள்ளம் தேய்ந்துவிடும். ஊசியைத் தாங்கும் டிஜே கார்ட்ரிட்ஜ்களுக்கு 3, 4 கிராம் அழுத்தம் போதும். தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

விடாத இரைச்சல் கேட்டால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். ஒலி ஈனமாக, பாஸ் இல்லாமல் வந்தால், மிக்ஸரில் ஃபோனோவில் (டர்ன்டேபிளுக்கானது) இருக்க வேண்டிய சுவிட்ச் லைனில் (மற்ற பிளேயர்களுக்கானது) இருக்கிறது என்று பொருள்.

2001இல் வந்த பயனியர் சிடிஜே-1000 என்ற டிஜே சிடி பிளேயர், தட்டைக் கையால் இழுக்கும் வித்தையை சிடிக்குக் கொண்டுவந்தது. இன்று பாட்டுகள் வருவது பென்டிரைவில். இங்கே தவறுகள் வீட்டிலேயே நடந்துவிடுகின்றன. டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருந்தால் பிளேயர் திறக்காது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டைப் பழைய பிளேயர்கள் படிக்காது. ஃபேட்32 வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிரைவிலிருந்து இரண்டு பிளேயர்களும் பாட்டு எடுக்கும்போது யாராவது அதைப் பிடுங்கினால் இரண்டுமே தடுமாறும். அச்சு அசலாக இன்னொரு டிரைவ் பையில் இருக்கட்டும்.

பாட்டில் பீட் விழும் இடங்களை மென்பொருள் குறித்து வைக்கும் பீட் கிரிட்டையும் கண்ணால் சரிபாருங்கள். மென்பொருள் சில சமயம் 140 பிபிஎம் பாட்டை 70 என்று எழுதிவிடும். டிரம்மர் கையால் வாசித்த பழைய பாடல்களில் வேகம் ஏறி இறங்கும். ஒரே சீராகப் போட்ட கிரிட் நடுவில் விலகிவிடும். அப்படிப்பட்ட பாட்டில் பீட்டைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தானை அணைத்துவிட்டுக் காதால் சேருங்கள்.

மேடைப் பலகை ஆடும் இடத்திலும் காற்றடிக்கும் திறந்தவெளியிலும் டிஜிட்டல் பிளேயரையே எடுத்துச் செல்லுங்கள். கெட்டியான தரையும் சோதித்துப் பார்க்க அரை மணி நேரமும் கிடைக்கும் அரங்கென்றால் தட்டுகளைக் கொண்டுபோகலாம், கூடவே ஒரு மாற்று ஊசியும்.